‘இல்லை’ என்று விரைவில் சொல்லும் டைரக்டரி

புத்தொழில் நிறுவனங்களையும் முதலீட்டாளர்களையும் இணைக்கும் இணைய டைரக்டரியை வடிவமைக்க உட்காரும் எவரும் முதலில் வரைவது பெரும்பாலும் ஒரே படத்தைத்தான்: மேலே ஒரு தேடல் பெட்டி, இடப்பக்கம் சில வடிகட்டிகள், நடுவே லோகோவும் இரண்டு வரி அறிமுகமும் கொண்ட அட்டைகள். தேடி வருபவர் எவராயினும் தேடப்படுபவருக்கு லாபம் என்ற நிலை உள்ள தொழில்களுக்கு இந்த அமைப்பு நன்றாகவே பொருந்தும். முதலீட்டில் அப்படி இல்லை. நிறுவனர் ஒருவர் நிதி திரட்டும் சில மாதங்களில் மட்டும் தீவிரமாகத் தேடுகிறார், வேலை முடிந்ததும் தளத்தை மறந்துவிடுகிறார். முதலீட்டாளரோ ஆண்டு முழுவதும் தேடப்படுகிறார். அவருக்கு வரும் மடல்களில் பெரும்பகுதி அவர் ஒருபோதும் பணம் போடாத துறையையோ வளர்ச்சி நிலையையோ சேர்ந்தவை. பெயர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை, கவனத்துக்குத்தான் பஞ்சம். ஆகவே பொருந்தாத சந்திப்பை அது நடப்பதற்கு முன்பே தடுப்பதுதான் இத்தகைய தளத்தின் முதல் வேலை என்று கருதுகிறேன். நான் வடிவமைத்துவரும் டைரக்டரியில் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் அந்தக் கருத்திலிருந்து கிளைத்தவை.

ஏற்கெனவே நிலைபெற்ற தளங்கள் எல்லாம் ஒரே வகை போலத் தோன்றினாலும் அவை பிறந்த விதம் வேறு வேறு. 2007-இல் டெக்கிரன்ச் செய்தித் தளத்தின் துணைத் தரவுத்தளமாகத் தொடங்கிய கிரன்ச்பேஸ், யார் எந்த நிறுவனத்தில் எப்போது எவ்வளவு போட்டார்கள் என்பதைச் சேர்த்துவைக்கும் பதிவேடு. 2010-இல் டெக்கிரன்ச்சை இணைய நிறுவனமான ஏஓஎல் வாங்கியபோது அதனுடன் சென்று, 2015-இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2010-இல் நவல் ரவிகாந்தும் பாபக் நிவியும் தொடங்கிய ஏஞ்சல்லிஸ்ட், முதலீட்டாளர் பட்டியல் ஒன்றும், தேர்ந்தெடுத்த நிறுவனங்களை அவர்களுக்கு அறிமுகப்படுத்தும் மின்னஞ்சல்களுமாகத்தான் உருவெடுத்தது. ஏஞ்சல்சாஃப்ட் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் கஸ்ட் என்று பெயர் மாறிய தளம், ஏஞ்சல் குழுக்கள், அதாவது தொடக்க நிலை நிறுவனங்களில் சொந்தப் பணத்தைப் போடும் தனிநபர்களின் குழுக்கள், தம்மிடம் வந்து குவியும் விண்ணப்பங்களைக் கையாள்வதற்கான கருவியாக வளர்ந்தது. பதிவேடு, அறிமுகம், பணிக்கருவி ஆகிய மூன்றும் மூன்று வேறு பண்டங்கள். பதிவேட்டுக்கு முழுமை வேண்டும்; அறிமுகத்துக்குத் தேர்வு வேண்டும், அதாவது முழுமையைக் கைவிடும் துணிவு வேண்டும்; பணிக்கருவிக்கு முதலீட்டாளரின் அன்றாட நடைமுறையில் இடம் வேண்டும். மூன்றையும் முதல் நாளிலேயே தருவதாகச் சொல்லும் திட்ட வரைவுகளைப் பார்க்கும்போது எனக்குத் தயக்கமே வருகிறது. நான் தேர்ந்தெடுத்தது அறிமுகத்தை. பதிவேடு அதற்குத் துணையாக எவ்வளவு தேவையோ அவ்வளவுதான்.

இனி, பெரும்பாலானோர் அவசரமாகக் கடந்துவிடும் தரவு அமைப்புக்கு வருகிறேன். ‘முதலீட்டாளர்’ என்று ஒரே அட்டவணை போட்டு, பெயர், துறை, தொகை, மின்னஞ்சல் என்று நான்கு நெடுவரிசைகளை நிரப்பினால் அது ஆறு மாதங்களில் பொய்யாகிவிடும். உண்மையில் அங்கே குறைந்தது நான்கு பொருள்கள் உள்ளன: ஆள், அவர் பணிபுரியும் முதலீட்டு நிறுவனம், அந்த நிறுவனம் பிறரிடம் திரட்டிய பணத்தைக் கொண்டு நடத்தும் நிதியம், அந்த நிதியம் செய்த தனித்தனி முதலீடு. ஆள் நிறுவனம் மாறுவார். ஆகவே ஆளுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உறவுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்க வேண்டும். ஒரே நிறுவனம் அடுத்தடுத்துப் பல நிதியங்களைத் தொடங்கும். துணிகர மூலதன நிதியம் ஒன்றின் ஆயுள் வழக்கமாகப் பத்து ஆண்டுகள். அதில் புதிய நிறுவனங்களில் பணம் போடும் காலம் தொடக்கத்து மூன்று அல்லது நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள்தான், மீதிப் பணமும் மீதிக் காலமும் ஏற்கெனவே போட்ட இடங்களைத் தாங்குவதற்கும், பின்னர் வெளியேறுவதற்கும் உரியவை. எனவே புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் அறுபது முதலீடுகளின் லோகோக்கள் வரிசையாக மின்னினாலும், அதன் நடப்பு நிதியம் ஆறாவது ஆண்டில் இருந்து, அடுத்த நிதியம் இன்னும் திரட்டப்படாமல் இருந்தால், அங்கே புதிய நிறுவனர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது மரியாதையான ஒரு காபி சந்திப்பு மட்டுமே. இந்த ஒரு உண்மையைக் காட்டும் புலம், அதாவது நிதியம் தொடங்கிய ஆண்டு, நான் பார்த்த பல பட்டியல்களில் இல்லை. பெரிய வேலையும் அல்ல, நான்கு இலக்கங்கள்.

தொகையைப் பதிவதிலும் இதே கவனம் வேண்டும். ‘முதலீட்டுத் தொகை’ என்று ஒரே எண்ணைக் கேட்டால், ஒருவர் முதல் காசோலையின் அளவைச் சொல்வார், இன்னொருவர் ஒரு நிறுவனத்தில் மொத்தமாகப் போடக்கூடிய உச்சத்தைச் சொல்வார், மூன்றாமவர் தான் பங்கேற்ற சுற்றின், அதாவது அந்த நிறுவனம் பலரிடம் ஒரே தவணையில் திரட்டிய நிதியின், மொத்தத் தொகையையே சொல்லிவிடுவார். முதல் காசோலையின் கீழ் எல்லை, மேல் எல்லை, வழக்கமான அளவு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பது நல்லது. அவர் சுற்றை முன்னின்று நடத்துவாரா, பிறர் விதித்த நிபந்தனைகளின்பேரில் சேர்ந்துகொள்வாரா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். முன்னின்று நடத்த யாரும் கிடைக்காமல், ‘வேறொருவர் வந்தால் நானும் வருகிறேன்’ என்று சொல்லும் பத்துப் பேரை மட்டும் சேர்த்து வைத்திருக்கும் நிறுவனரின் நிலை இத்துறையில் மிகவும் பழகிய துயரம். அந்த ஒரு தேர்வுக்கட்டம் அவருக்கு வாரக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

‘சீட்’, ‘சீரிஸ் ஏ’ போன்ற சுற்றுப் பெயர்களை நம்பி வடிகட்டி அமைக்கக் கூடாது என்பதும் என் உறுதியான எண்ணம். அவை சட்டத்தில் வரையறுக்கப்பட்ட சொற்கள் அல்ல. காலத்துக்குக் காலம், இடத்துக்கு இடம் அவற்றின் அளவு மாறுகிறது. அவற்றைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், தேடலுக்கோ, நிறுவனத்துக்கு வருவாய் உண்டா, பொருள் பயனர் கையில் இருக்கிறதா, குழுவில் எத்தனை பேர் என்பன போன்ற உறுதியான நிலைகளையும் தொகையையும் பயன்படுத்த வேண்டும். தொகையை எந்த நாணயத்தில் சொன்னார்களோ அந்த நாணயத்திலேயே தேதியுடன் சேமித்து, மாற்று மதிப்பைக் காட்டும்போது மட்டும் கணக்கிடுவது பாதுகாப்பு. முதலீட்டுக் கருவிக்கும் ஒரு புலம் வேண்டும்: புத்தொழில்களை வளர்த்தெடுக்கும் ஒய் காம்பினேட்டர் நிறுவனம் 2013-இன் இறுதியில் வெளியிட்ட, இப்போது பணம் தந்து பின்னர் பங்கு பெறும் ‘சேஃப்’ ஒப்பந்தம் 2018-இல் முதலீட்டுக்குப் பிந்தைய மதிப்பீட்டை (வரும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட நிறுவன மதிப்பை) அடிப்படையாகக் கொண்ட வடிவத்துக்கு மாறியது, ஒரே பெயர் கொண்ட அவ்விரு வடிவங்களிலும் நிறுவனர் இழக்கும் பங்கின் கணக்கு வேறு. மதிப்பீட்டைக் கேட்கும் எந்தப் படிவத்திலும் அது முதலீட்டுக்கு முந்தையதா, பிந்தையதா என்ற கேள்வி இல்லாவிட்டால், அந்த எண்ணால் பயன் ஏதும் இல்லை.

துறைப் பகுப்பு எல்லோரையும் சலிப்படையச் செய்யும் பகுதி. பயனர்களே குறிச்சொற்களைச் சேர்த்துக்கொள்ள விட்டால், ஒரே பொருளுக்கு ஐந்து சொற்கள் முளைத்து, தேடல் சிதறிவிடும். ஒரே மரமாக அடுக்கினாலோ, மருத்துவமனைகளுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனத்தை மருத்துவக் கிளையில் தொங்கவிடுவதா, மென்பொருள் கிளையில் தொங்கவிடுவதா என்ற வழக்கு தீராது. வாடிக்கையாளர் யார், வருமானம் எப்படி வருகிறது, அடிப்படைத் தொழில்நுட்பம் என்ன என்று மூன்று தனி அச்சுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூடிய, குறுகிய பட்டியலைத் தந்தால் இந்த வழக்கு எழாது. இடத்தையும் அப்படியே பிரிக்கலாம்: எங்கே பதிவுசெய்யப்பட்டது, எங்கே இயங்குகிறது, எங்கே விற்கிறது. ஒரு நிதியத்தின் விதிகள் முதல் கேள்வியைப் பற்றியதாக இருக்கலாம், அதை நடத்துபவரின் ஆர்வம் மூன்றாவதைப் பற்றியதாக இருக்கலாம்.

முதலீட்டாளர்களிடம் விருப்பங்களைக் கேட்கும்போது ஒரு சிறு தந்திரம் தேவைப்படுகிறது. எதில் முதலீடு செய்வீர்கள் என்று கேட்டால் அவர்கள் எல்லாக் கட்டங்களையும் தேர்வு செய்துவிடுகிறார்கள். எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்ற அச்சம் அந்தத் தொழிலின் இயல்பு. எதில் ஒருபோதும் முதலீடு செய்யமாட்டீர்கள் என்று கேட்டால், விடை கூர்மையாகவும் உடனடியாகவும் வருகிறது. ஆகவே சுயவிவரப் பக்கத்தில் ‘செய்யாதவை’ என்ற பகுதியை மேலேயே வைத்திருக்கிறேன். விருப்பத் துறைகளுக்கு மூன்று என்ற உச்சவரம்பும் உண்டு. அதன் அருகிலேயே அவர் உண்மையில் கடந்த இரண்டு ஆண்டுகளில் பணம் போட்ட இடங்களிலிருந்து தளமே கணக்கிட்ட சுருக்கமும் நிற்கும். சொல்லும் செயலும் பொருந்தாத இடத்தில் தளம் எந்தத் தீர்ப்பையும் எழுதத் தேவையில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே நிறுவனர் புரிந்துகொள்வார்.

இவ்வளவு கவனமாகச் சேர்த்த தகவலும் பழையதாகும். பக்கத்தின் அடியில் ‘கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரே ஒரு தேதியைப் போடுவதால் பயனில்லை, ஏனென்றால் யாரோ ஒரு புகைப்படத்தை மாற்றினாலும் அந்தத் தேதி புதிதாகிவிடும். முக்கியமான ஒவ்வொரு புலத்துக்கும் அது எங்கிருந்து வந்தது, எப்போது உறுதிசெய்யப்பட்டது என்ற இரண்டு குறிப்புகள் தேவை. காலாண்டுக்கு ஒருமுறை முதலீட்டாளருக்கு ஒரு மடல் போகும்; அதில் உள்நுழையாமலே ‘இப்போது புதிய முதலீடுகளைப் பார்க்கிறேன்’, ‘இப்போது இல்லை’ என்று ஒரு சொடுக்கில் பதில் சொல்லலாம். விடையே வராவிட்டால் அவர் பட்டியலிலிருந்து நீக்கப்படமாட்டார், தேடல் முடிவுகளில் மெல்ல மெல்லக் கீழே இறங்குவார். மௌனத்தையும் ஒரு தகவலாகக் கொள்வதே இதன் அடிப்படை.

பொருத்தும் முறையைப் பற்றிப் பேசும்போது, டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு அறிஞர்கள், இரு தரப்பினரை அவரவர் விருப்பப்படி இணைசேர்க்க 1962-இல் வெளியிட்ட நிலையான இணைப்பு வழிமுறையை யாராவது நினைவூட்டுவது வழக்கம். அந்த ஆய்வு மரபுக்காகவே ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஆனால் அந்த வழிமுறை, ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பில் உள்ளவர்களைத் தம் விருப்ப வரிசையில் அடுக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறது; இங்கோ அந்த வரிசையை உருவாக்குவதுதான் வேலையின் பெரும்பகுதி. ராத்தின் சந்தை வடிவமைப்பு ஆய்வுகளில் எனக்குப் பயன்பட்டது வேறொரு கருத்து. சந்தை நன்றாக இயங்க இரு தரப்பிலும் போதிய ஆட்கள் வேண்டும், நெரிசல் கூடாது, உண்மையைச் சொல்வது பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்கிறார் அவர். டைரக்டரி நடத்துபவர்கள் முதல் நிபந்தனையிலேயே முழுக் கவனத்தையும் செலுத்துகிறார்கள். தளம் வளர வளர இரண்டாவது நிபந்தனையே அதைக் கொல்கிறது.

நெரிசலுக்கு நடைமுறையில் இருக்கும் ஓர் எளிய மருந்து, அனுப்பும் செய்தியை அரிதாக்குவது. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம், ஆசிரியப் பணி தேடும் முனைவர் பட்டதாரிகளுக்காக 2006 முதல் ஒரு வசதியை நடத்திவருகிறது: விண்ணப்பம் எத்தனை இடங்களுக்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ‘உங்களிடம் எனக்குத் தனி ஆர்வம் உண்டு’ என்ற குறிப்பைச் சங்கத்தின் வழியாக இரண்டே இடங்களுக்குத்தான் அனுப்ப முடியும். இரண்டே என்பதால்தான் அதற்கு மதிப்பு. டைரக்டரியிலும் நிறுவனருக்கு மாதத்துக்கு ஒரு சிறு எண்ணிக்கையில் மட்டும் அறிமுகக் கோரிக்கைகளை அனுமதித்தால், அவர் தேர்ந்தெடுத்து அனுப்புவார். பெறுபவரும் அது பொத்தானை அழுத்தி எல்லோருக்கும் அனுப்பிய மடல் அல்ல என்று அறிவார். கட்டணம் செலுத்தினால் கூடுதல் கோரிக்கைகள் தரலாமே என்ற யோசனை வணிகப் பிரிவிலிருந்து தவறாமல் வரும். அதை ஏற்றால் அரிதாக்கியதன் பயன் அப்போதே போய்விடும்.

கோரிக்கையைப் பெற்றவர் மறுப்பதற்கும் நல்ல வழி வேண்டும். முதலீட்டாளர்கள் மறுப்பதைவிட மௌனமாக இருப்பதையே விரும்புகிறார்கள், ஏனென்றால் மறுத்தால் விளக்கம் கேட்கப்படும், நாளை அந்த நிறுவனம் வளர்ந்துவிட்டால் கதவு மூடியிருக்கும். ‘துறை பொருந்தவில்லை’, ‘நிலை பொருந்தவில்லை’, ‘போட்டி நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கிறேன்’, ‘இப்போது இல்லை, பிறகு பார்க்கிறேன்’ என்று நான்கு விடைகளை ஒரே சொடுக்கில் தரவும், மேற்கொண்டு உரையாடல் திறக்காமல் இருக்கவும் வழிசெய்தால் மறுப்பு எளிதாகிறது. மூன்றாவது விடை தளத்துக்கே உரிய பொறுப்பையும் சுட்டுகிறது: நிறுவனர் கோரிக்கையை அனுப்பும் முன்பே, அந்த முதலீட்டாளர் ஏற்கெனவே பணம் போட்டவற்றில் இதே வாடிக்கையாளருக்கு இதே வகைப் பொருளை விற்கும் நிறுவனம் இருந்தால் எச்சரிக்க வேண்டும். பதில் சொல்லும் வேகத்தைப் பொதுவில் காட்டலாமா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. துல்லியமான எண் மனிதர்களுக்குச் சினமூட்டும், ‘வழக்கமாக ஒரு வாரத்துக்குள்’, ‘வழக்கமாக ஒரு மாதத்துக்குள்’ என்ற அளவில் காட்டினால் போதும் என்பது என் தேர்வு.

நிறுவனரின் ஆவணங்கள் படிப்படியாகத் திறக்க வேண்டும்: முதலில் ஒரு வரி, அடுத்து ஒரு பக்கம், அறிமுகம் ஏற்கப்பட்ட பின்பே பிட்ச் டெக் (நிறுவனத்தை விளக்கும் படக்காட்சித் தொகுப்பு), அதற்கும் பின்னர்தான் கணக்குகள். முதல் சந்திப்புக்கு முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட முதலீட்டாளர்கள் பொதுவாக மறுப்பார்கள் என்பதால், அதற்கான பொத்தானைத் தருவது நிறுவனருக்குப் பொய்யான நம்பிக்கையைத் தருவதாகும். யார் எப்போது பார்த்தார்கள் என்ற பதிவைக் காட்டுவது அதைவிட உதவும். மறுபக்கம், போலி முதலீட்டாளர்கள். பணம் தருவதாகச் சொல்லி, ஆய்வுக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று முன்பணம் கேட்டு வாங்கிக்கொண்டு மறைபவர்கள் இத்தகைய தளங்களைத் தேடி வருவார்கள். அவர்களைத் தடுக்க அடையாள அட்டையைவிட வலுவானது இருபுற உறுதிப்பாடு: ஒருவர் தான் முதலீடு செய்ததாகக் குறிப்பிடும் நிறுவனத்தின் நிறுவனர் ஆமென்று சொன்னால் மட்டுமே அந்த முதலீடு பக்கத்தில் தோன்றும்.

சட்டத்தை வழக்கறிஞரிடம் விட்டுவிடலாம் என்று வடிவமைப்பாளர்கள் நினைப்பதுண்டு. திரையில் எது யாருக்குத் தெரிகிறது என்பதே சட்டக் கேள்வியாக இருக்கும் துறை இது. அமெரிக்காவில், சிறு நிறுவனங்கள் நிதி திரட்டுவதை எளிதாக்கிய 2012-இன் ஜாப்ஸ் சட்டத்துக்குப் பிறகு, 2013 செப்டம்பர் முதல், பங்கு விற்பனை பற்றிய 506 சி விதியின்கீழ் பொது விளம்பரத்துடன் நிதி திரட்டலாம். ஆனால் முதலீடு செய்பவர்கள் எல்லோரும் தகுதிபெற்ற முதலீட்டாளர்கள்தானா என்பதைச் சரிபார்க்க நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். தகுதியின் பழகிய அளவுகோல்கள், குடியிருக்கும் வீட்டைச் சேர்க்காமல் 10 லட்சம் டாலருக்கு மேல் சொத்து, அல்லது 2 லட்சம் டாலருக்கு மேல் ஆண்டு வருமானம். 506 பி விதியின்கீழ் திரட்டுபவர்களுக்கோ பொது விளம்பரம் கூடாது. இந்தியாவில் 2013-இன் கம்பெனிகள் சட்டம், 42-ஆம் பிரிவின்கீழ், தனிமுறையில் பங்கு வழங்குவதைப் பொதுவில் விளம்பரப்படுத்தத் தடை விதிக்கிறது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்கவும் பொதுவாக இயலாது. அங்கீகாரம் பெறாத இணையவழி நிதி திரட்டும் தளங்களைப் பற்றிப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2016-இல் முதலீட்டாளர்களை எச்சரித்தது. இதன் வடிவமைப்பு விளைவு எளிது: நிறுவனம் என்ன செய்கிறது என்பது பொதுப் பக்கத்தில் இருக்கலாம், எவ்வளவு தொகையை என்ன மதிப்பீட்டில் திரட்டுகிறது என்பது சரிபார்க்கப்பட்டு உள்நுழைந்தவர்களுக்கு மட்டும், அதுவும் நிறுவனரே திறந்துவிட்டால் மட்டும் தெரிய வேண்டும். முடிந்த முதலீட்டில் விழுக்காடு கேட்கும் வருமான முறையும் பல நாடுகளில் தளத்தைத் தரகராக மாற்றி உரிமம் கேட்கவைக்கும். மாதச் சந்தா சலிப்பானது, பாதுகாப்பானது.

தனிநபர் தரவைப் பற்றி ஒரு சொல். தொடக்கத்தில் பக்கங்களை நிரப்ப, பொதுவெளியில் கிடைக்கும் முதலீட்டாளர் விவரங்களைத் திரட்டும் ஆசை எழும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் போன்ற விதிகள், பொதுவெளியில் கிடைத்தது என்பதற்காகவே அதைப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. உரியவர் வந்து ஏற்காத பக்கத்தில் மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ இருக்கக் கூடாது. நீக்கக் கேட்கும் இணைப்பு எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். எல்லாத் துறையையும் அரைகுறையாக நிரப்புவதைவிட, ஒரு துறையையும் ஒரு வளர்ச்சி நிலையையும் எடுத்துக்கொண்டு அதில் உள்ளவர்களை நேரில் கேட்டுச் சேர்ப்பதே தொடக்கத்துக்குப் போதும்.

திரையமைப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அட்டைகளுக்குப் பதில் அட்டவணை. நிறுவனர் செய்வது உலாவல் அல்ல, ஒப்பீடு. நிதியம் தொடங்கிய ஆண்டு, முதல் காசோலை, முன்னின்று நடத்துவாரா, கடைசியாக உறுதிசெய்த தேதி ஆகிய நான்கும் ஒரே வரியில் வரிசைப்படுத்தக்கூடியவையாக நின்றால், நாற்பது பெயர்களை ஏழாகக் குறைக்கச் சில நிமிடங்கள் போதும். லோகோக்களை அவர் ஏற்கெனவே அறிவார்.

வடிவமைப்பில் பெரும்பாலும் விடுபடும் மற்றொரு நிலை, நிதி திரட்டி முடித்த பின் வருவது. நிறுவனர் ‘சுற்று முடிந்தது’ என்று குறித்ததும், நிலுவையில் உள்ள கோரிக்கைகள் தாமாகத் திரும்பப் பெறப்பட்டு, அவற்றைப் பெற்றவர்களுக்கு ஒரே வரியில் அறிவிப்புப் போக வேண்டும். தொகை, மதிப்பீடு, பிட்ச் டெக் ஆகியவற்றின் அணுகல் அன்றே மூடப்பட வேண்டும். பங்கேற்ற முதலீட்டாளர்களின் பெயர்கள் இரு தரப்பும் உறுதிசெய்த பின்னர் பதிவேட்டுக்குச் செல்ல வேண்டும். ‘இப்போது இல்லை, பிறகு பார்க்கிறேன்’ என்று முன்பு விடை தந்தவர்களுக்கு மட்டும், அடுத்த சுற்று திறக்கும்போது தெரிவிக்கலாமா என்று நிறுவனரிடம் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஆம் என்ற விடையை முன்கூட்டியே தேர்ந்து வைக்கக் கூடாது.